பவுடர் பூசிய கல்

கல்லுக்கு நாற்றம் கிடையாது என்றுதான் நினைத்திருந்தேன். நான் கொண்டுவந்த கல் நாறியது.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மேரிவேல் தோட்டத்து முனியாண்டி கோயிலுக்குப் போனபோது, செருப்பைக் கழற்றும் இடத்திலேயே அந்த நாற்றம் மூக்கில் ஏறிவிட்டது. புளித்த பால், சிக்கடித்த நெய், அழுகிய வாழைப்பழம், எல்லாவற்றுக்கும் மேலே கைக்குழந்தைக்குப் பூசுகிற பவுடரின் வாசனை. புறங்கையால் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் உள்ளே போனேன்.

கோயில் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். புக்கிட் ரோத்தான் பக்கம், உயரழுத்த மின்கம்பிகளுக்குக் கீழே, செம்பனைக் கன்றுகளுக்கும் புதிய வீடமைப்புப் பகுதியின் வேலிக்கும் நடுவில், நான்கு இரும்புக் குழாய்களின்மேல் போட்ட தகரக் கூரை. அதற்குக் கீழே ஒரு சிமெண்ட் மேடை. மேடையில், இரண்டு உள்ளங்கை அகலத்தில் ஒரு சிவப்புக் கல். அதைச் சுற்றி நாற்பது ஐம்பது பேர் முண்டியடித்துக்கொண்டிருந்தார்கள். அன்று நாலு நம்பர் லாட்டரி குலுக்கும் நாள்.

தஞ்சோங் காராங்கிலிருந்து வந்த ஒரு ஆள் உள்ளங்கை நிறையப் பவுடரைக் கொட்டினான். கல்லின் முகத்தில் அப்பித் தேய்த்தான். வாயைக் குவித்து ஊதினான். பவுடர் பறந்து, பள்ளமான இடங்களில் மட்டும் வெள்ளையாக நின்றது. உடனே நான்கைந்து கைபேசி விளக்குகள் கல்மேல் விழுந்தன. "மூணு... மூணு தெரியுது... அந்தப் பக்கம் ஏழா, எட்டா?" என்று ஒருத்தி எண்ண ஆரம்பித்தாள். பின்னால் செகிஞ்சானிலிருந்து வந்த சீனத் தம்பதி ஊதுபத்திக் கட்டோடு தங்கள் முறைக்காகக் காத்திருந்தார்கள். மரப்பட்டையோ, பாறையோ, விபத்தில் நசுங்கிய காரோ, எதில் பவுடர் தேய்த்தாலும் நாலு நம்பர் தெரியும் என்று நம்புகிற ஊர் இது. நானும் இந்த ஊர்க்காரன்தான்.

அந்தப் பள்ளங்களை யாரோ ஒருவர், எத்தனையோ ஆயிரம் வருடங்களுக்கு முன்னால், பாலைவனத்து வெயிலில் உட்கார்ந்து, இன்னொரு கல்லால் கொத்திக் கொத்தி உண்டாக்கியிருந்தார். தலையைச் சுற்றிக் கோடுகள் கிளம்பும் ஒரு மனித உருவம். அதன் காலடியில் வரிசையாகச் சில புள்ளிகள். அந்தப் புள்ளிகளைத்தான் இவர்கள் எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

நான் சாமி கும்பிடப் போகவில்லை. அந்தக் கல்லைத் திரும்ப வாங்கப் போயிருந்தேன். வாங்கி, அது இருந்த மலைக்கே அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் டேரல் என்ற ஒரு மனிதன் இனி எந்தக் காலத்திலும் தன் சொந்த மலையில் கால் வைக்க முடியாது.

டேரலை எனக்கு எப்படித் தெரியும் என்று சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடம் மேற்கு ஆஸ்திரேலியாவில், ஒரு சுரங்க முகாமின் சமையல்கூடத்தில் வேலை செய்தேன். காலையில் நானூறு முட்டை உடைப்பேன். மாலையில் நானூறு பேர் தின்ற தட்டைக் கழுவுவேன். வெளியே வந்து பார்த்தால் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை சிவப்பு மண். மரம் என்று சொல்ல ஒன்றும் இருக்காது. முள்பந்து முள்பந்தாய்ப் புல், சூடு, ஈ. அங்கே தூசி அடங்கப் பாதைக்குத் தண்ணீர் தெளிக்கும் லோரியை ஓட்டியவன் டேரல். அந்த மண்ணின் ஆதிக்குடி. நான் போடும் ரசத்தை டம்ளரில் வாங்கி டீயைப் போல் குடிப்பான். முகாமில் என் பெயரை ஒழுங்காகச் சொன்ன ஒரே ஆள் அவன்தான்.

ஊர் திரும்புவதற்குப் பத்து நாள் முன்பு, ஒரு விடுமுறை நாளில், அவனுடைய மக்களின் மலைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனான். மூன்று மணி நேரப் பயணம். மலையின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. சொல்லும் தகுதியை நானே கெடுத்துக்கொண்டேன். அடிவாரத்தில் வண்டியை நிறுத்தியதும் டேரல் இறங்கி, மலையைப் பார்த்துத் தன் மொழியில் உரக்கக் கூப்பிட்டான். என்ன சொன்னாய் என்று கேட்டேன்.

"நீ யாரென்று சொன்னேன். தூரத்திலிருந்து வந்திருக்கிறான், என்னோடு வந்திருக்கிறான், நல்லவன், ஒன்றும் செய்யாதீர்கள் என்று சொன்னேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் ஊர் முனியாண்டி கோயிலில் பூசாரி சன்னாசி மாமா செய்வதும் இதேதான். ஆனால் மேலே ஏறியதும் சிரிப்பு போய்விட்டது. பாறை பாறையாக உருவங்கள். கங்காரு, பறவைக் கால்தடம், கை கோத்த மனிதர்கள், வாலில்லாத ஏதோ ஒன்று. வெயில் சாயச் சாய, காலையில் தெரியாத உருவங்களெல்லாம் பாறையிலிருந்து கிளம்பி வந்தன. இதற்கெல்லாம் என்ன வயதிருக்கும் என்று கேட்டேன். "என் அத்தைதான் இந்த மலைக்குப் பொறுப்பு. வயது கேட்டால் அவளுக்குக் கோபம் வரும். இதைக் கொத்தியவர்கள் இன்னும் இங்கேதான் இருக்கிறார்கள் என்பாள்" என்றான். ஓர் உருவத்தின் காலடியில் இருந்த புள்ளிகளைக் காட்டி அது என்ன என்றேன். "அது ஒரு வழி. எங்கே போகிற வழி என்று உனக்குச் சொல்ல எனக்கு உரிமை இல்லை."

அந்த உருவம் இருந்த துண்டு தாய்ப்பாறையிலிருந்து எப்போதோ வெயிலில் வெடித்து, தனியாகக் கழன்று கிடந்தது. டேரல் சிறுநீர் கழிக்க மலைக்கு வெளியே இறங்கிப் போயிருந்தான். மலைமேல் அதைச் செய்யக்கூடாதாம். அந்தப் பத்து நிமிடத்தில் நான் அந்தக் கல்லை எடுத்து என் முதுகுப்பையில் போட்டுக்கொண்டேன்.

ஏன் எடுத்தாய் என்று பிறகு என்னை நானே நூறு முறை கேட்டிருக்கிறேன். பக்தியும் இல்லை, பேராசையும் இல்லை. விடுதியில் தங்கினால் சோப்பை எடுத்துவருவோமே, அந்தப் புத்திதான். சும்மா கிடந்தது, எடுத்தேன். திரும்பும் வழியில் அவன் தன் தண்ணீர்ப் போத்தலை எனக்குக் கொடுத்தான். நான் வாங்கிக் குடித்தேன்.

இங்கே கொண்டுவந்து அதை என்ன செய்தேன் தெரியுமா? எங்கள் வீட்டில் துணி துவைக்கும் இயந்திரத்துக்கு ஒரு கால் ஆடும். அதற்கு முட்டுக் கொடுத்தேன். அந்த மலையில் எத்தனையோ தலைமுறை காவல் நின்ற உருவம், எங்கள் வீட்டுப் பின்கட்டில் என் உள்ளாடை சுழலும்போதெல்லாம் நடுங்கிக்கொண்டு கிடந்தது.

ஐந்து மாதம் கழித்து அம்மா தரை கழுவியபோது, ஈரம் பட்டு உருவம் பளிச்சென்று தெரிந்திருக்கிறது. என் அம்மா லெட்சுமி, மேரிவேல் தோட்டத்தில் முப்பது வருடம் களை எடுத்தவர். "டேய் சேது, முனியப்பா டா! தலையில தீ எரியுது பாருடா!" என்று அலறியதில் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடிவந்துவிட்டார்கள். சன்னாசி மாமா வந்து பார்த்து, எலுமிச்சம்பழம் சுற்றி, "முனிதான். சந்தேகமே இல்ல" என்று தீர்ப்பு எழுதிவிட்டார்.

அவர்களுக்கு ஒரு கல் தேவைப்பட்டது என்பதுதான் உண்மை. ஏழு வருடத்துக்கு முன்னால் தோட்டத்தில் பாதியை வீடு கட்ட விற்றார்கள். அப்போது பழைய கோயிலை பேக்ஹோ என்ற மண் தோண்டும் இயந்திரத்தை வைத்து இடித்தார்கள். நூறு வருடமாக மரத்தடியில் இருந்த நடுகல், பேக்ஹோவின் பல் பட்டு மூன்றாகப் போனது. அன்றிலிருந்து இந்தத் தகரக் கூரையின் கீழே வெறும் மேடையும் ஒரு சூலமும்தான்.

கோயில் தலைவர் கணேஸ்வரன் அன்று மாலையே வீட்டுக்கு வந்தார். செம்பனைக் குலை ஏற்றும் நான்கு லோரிகளுக்கு முதலாளி. கழுத்தில் உருத்திராட்சம், இடுப்பில் மூன்று கைபேசி.

"எங்க கெடச்சிச்சு சேது?"

திருடினேன் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். கூடத்தில் பத்துப் பேர் நின்றார்கள். அம்மாவின் முகம் கல்யாண வீட்டு முகமாக இருந்தது. "அங்க ஒரு மலைமேல கெடந்துச்சுண்ணே. என்னமோ எடுக்கணும்னு தோணுச்சு" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். ஒரு வாரத்தில் அது, பாலைவனத்து மலையில் முனி என் கனவில் வந்து, என்னை ஊருக்குக் கூட்டிப் போ என்று கேட்டதாகக் கிளம்பிவிட்டது. இரண்டாம் வாரம் முனி தமிழில் பேசியதாகக் கேள்விப்பட்டேன். நான் மறுக்கவில்லை. கோயிலில் எனக்கு முதல் மரியாதை கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டேன்.

பிறகு ஒருநாள் சுங்கை பஞ்சாங்கிலிருந்து வந்த ஒருவருக்கு அந்தப் புள்ளிகளை எண்ணி எடுத்த நம்பருக்குப் பரிசு அடித்தது. அடுத்த வாரமே பவுடர் வந்துவிட்டது.

டேரலின் செய்தி வந்தது அந்தச் சனிக்கிழமைக்கு முந்திய புதன்கிழமை. ஒரே மூச்சில் எழுதியிருந்தான். அத்தை மலைக்குப் போயிருக்கிறாள், கல் இருந்த இடம் காலியாக இருப்பதைப் பார்த்துவிட்டாள். வெளியாள் ஒருவனை அங்கே கூட்டிப்போனவன் அவன் ஒருவன்தான். கல் திரும்பி வரும்வரை அவன் மலைப்பக்கம் வரக்கூடாது, சடங்குகளில் நிற்கக்கூடாது, மலையில் இருப்பவர்களிடம் என்னைப் பற்றி அவன் சொன்ன வாக்கு செல்லாது என்று முடிவாகிவிட்டது. கடைசியில் எழுதியிருந்தான்: "நீ எடுத்திருக்க மாட்டாய் என்று அத்தையிடம் சொன்னேன். ஆனாலும் உன்னைக் கேட்டுவிட வேண்டும் என்பதால் கேட்கிறேன்."

நான்தான் எடுத்தேன், அனுப்பிவிடுகிறேன் என்று பதில் போட்டேன்.

இப்படித்தான் அந்தச் சனிக்கிழமை நான் கோயிலில் நின்றேன். கணேஸ்வரனை ஓரமாகக் கூப்பிட்டேன்.

"அண்ணே, அந்தக் கல்லு எனக்கு திரும்ப வேணும்."

"வெளையாடுறியா லா? குலுக்குற நாளு அன்னைக்கு வந்து கேக்குற?"

"அது அவங்க சாமிண்ணே. அங்க ஒரு ஆளுக்கு பெரிய பிரச்சன ஆயிருச்சு. அனுப்பியே ஆவணும்."

அவர் என் தோளில் கை போட்டார். கையிலும் பவுடர் வாசனை. "சேது, நம்ம கல்ல மூணா ஒடைச்சாங்களே, அப்ப யாராச்சும் நம்மள கேட்டாங்களா? இப்பதான் கோயிலு கோயிலு மாதிரி இருக்கு. அடுத்த வருசம் சொந்தமா நெலம் வாங்கி, கோபுரம் வெச்சு கட்டிருவோம். நீ கொண்டாந்த சாமி செய்யுது இதெல்லாம். சும்மா போய் சாப்புடு. பொங்கலு இருக்கு."

அன்னதானப் பொங்கலில் ஈ மொய்த்துக்கொண்டிருந்தது. மேடைக்குப் போனேன். பூசைக்காக வைத்திருந்த மைக்கை எடுத்தேன்.

"எல்லாரும் கேளுங்க. இது முனியாண்டி இல்ல. என் கனவுல யாரும் வரல. அங்க உள்ள மக்களோட சாமி மலையிலேருந்து, அவங்களுக்குத் தெரியாம, நான் திருடிக்கிட்டு வந்த கல்லு இது. நான் திருடன். இத திருப்பிக் குடுக்கணும்."

எண்ணிக்கொண்டிருந்தவர்கள் கைபேசி விளக்கோடு என் பக்கம் திரும்பினார்கள். செருப்பு பறந்து வரும் என்று எதிர்பார்த்தேன். வந்திருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

சன்னாசி மாமா முதலில் வாயைத் திறந்தார். அவர் கண்கள் விரிந்திருந்தன. "திருடுனதா? இத்தன நாளா சொல்லவே இல்லையே ஐயா! அதான பாத்தேன், என்னடா இவ்ளோ சக்தின்னு!"

கூட்டத்தில் ஒரு சலசலப்பு ஓடியது. எனக்கு அப்போதுதான் உறைத்தது. பிள்ளையாரைத் திருடிக்கொண்டு வந்து வைத்தால்தான் விசேஷம் என்று எங்கள் ஆட்கள் காலம் காலமாக நம்புகிறவர்கள். காசு கொடுத்து வாங்கிய பிள்ளையாரைவிடத் திருட்டுப் பிள்ளையாருக்குப் பலன் அதிகம் என்பார்கள். துளசிச் செடியைக்கூடப் பக்கத்து வீட்டில் கேட்காமல் பிடுங்கி வந்து நடுவார்கள். இதை மறந்துபோய்த்தான் நான் மைக்கைப் பிடித்திருக்கிறேன்.

"திருட்டு முனி லா! நம்ம சேது கடல் தாண்டி போய் தூக்கியாந்திருக்கான்!" என்று ஒருவன் கத்தினான். குலவை எழுந்தது. பவுடர் டப்பாக்கள் திறந்துகொண்டன. செகிஞ்சான் சீனர் என்ன நடந்தது என்று பக்கத்தில் இருந்தவனை மலாயில் கேட்டார். விஷயம் தெரிந்ததும் என்னைப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்தி, "லாகி குவாட்!" என்று சிரித்தார். முன்னைவிட வலுவானது என்று அவருக்கும் புரிந்துவிட்டது. கணேஸ்வரன் ஒரு மஞ்சள் துண்டை எடுத்து வந்து என் தோளில் போர்த்தினார். அறுபது வயதுப் பெண்மணி ஒருத்தி குனிந்து என் காலைத் தொட்டாள்.

கூட்டத்தின் பின்னால் அம்மா நின்றிருந்தார். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தில் வெட்கம் ஒரு துளியும் இல்லை. மகன் செய்ததைப் பார்த்துப் பூரித்துப்போயிருந்தார்.

துண்டை உருவிப் போட்டுவிட்டு வெளியே வந்து, வேலியோரம் வாந்தி எடுத்தேன். அதையும் ஒருவன் கைபேசியில் படம் பிடித்தான். சாமி வந்திருக்கிறதாம்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு உளியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு மறுபடியும் போனேன். ஊரே வேலைக்குப் போயிருக்கும், கோயிலில் யாரும் இருக்க மாட்டார்கள் என்று கணக்குப் போட்டிருந்தேன். அம்மா இருந்தார். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ரப்பர்க் குழாயில் தரையைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தார். சனி, ஞாயிறு குலுக்கல்களில் மிதிபட்ட பூவும் பழமும் பாலும் பவுடரும் சேர்ந்து, சாக்கடையில் கஞ்சியாக ஓடின.

என் கையில் இருந்த உளியைப் பார்த்ததும் குழாயை மூடினார்.

"பசியாறினியாடா?"

"இல்லம்மா. கல்ல எடுக்க வந்தேன்."

"தெரியும்." மேடையில் உட்கார்ந்துகொண்டார். "புதன்கெழம வரைக்கும் இருக்கட்டும்டா. ஒரே ஒரு குலுக்கு. அப்புறம் நானே எடுத்துக் குடுக்குறேன்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் உளியைத் தரையில் வீசினேன். "அம்மா, அன்னைக்கு பேக்ஹோ வந்தப்ப முன்னாடி போய் படுத்தீங்களே, ஞாபகம் இருக்கா? போலீஸ்காரன் நாலு பேரு வந்து தூக்கிப் போட்டாங்களே. யாருக்காகப் படுத்தீங்க?"

"நம்ம சாமிக்காக."

"அந்த பேக்ஹோக்காரன் நம்ம கல்ல அவன் வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயி, பவுடர் தேச்சு நம்பர் பாத்திருந்தா?"

அம்மா ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டார். "அவங்களுக்கு மலையே இருக்குன்னு நீதான சொன்ன. மல நெறைய சாமின்னு சொன்ன. நமக்கு இது ஒண்ணுதான்டா" என்றார்.

அம்மா சொன்னது உண்மைதான். ஆனால் அதற்காக டேரலின் மலையை நான் இங்கே விட்டுவைக்க முடியாது. உளியைப் பொறுக்கிக்கொண்டு மேடையில் ஏறினேன். கல்லின் அடியில் பூசியிருந்த சிமெண்டைக் கொத்த ஆரம்பித்தேன். அம்மா தடுக்கவில்லை. அழுதார், ஆனால் தடுக்கவில்லை.

பாதி கொத்தியபோதுதான் பார்த்தேன். நெய்யும் பவுடரும் சேர்ந்து பிசினாக ஒட்டியிருந்த அந்த முகத்தை விரலால் வழித்தேன். உருவத்தின் காலடியில் இருந்த புள்ளிகள் புள்ளிகளாக இல்லை. சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஆழமான, வட்டமான, புத்தம்புதிய குழிகள். ஓரத்தில் சிவப்புத் தூள் இன்னும் ஈரமாக ஒட்டியிருந்தது. பழைய புள்ளிகள் இல்லாத இடங்களிலும் குழிகள் இருந்தன. எல்லாம் நான்கு கூட்டமாகப் பிரிக்கப்பட்டிருந்தன.

"யாரு செஞ்சது?"

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். "புள்ளி மங்கிப்போச்சு, ஜனங்களுக்குச் சரியா தெரியலன்னு நான்தான் தலைவருகிட்ட சொன்னேன். நேத்து அவரு லோரி பட்டறையிலேருந்து டிரில் கொண்டாந்தாரு. பூச போட்டுட்டுதான்டா செஞ்சாரு."

பூசை போட்டுவிட்டுத்தான் செய்தாராம். அத்தனை ஆயிரம் வருட வெயிலும் காற்றும் தொடாமல் விட்ட ஒன்றை, கணேஸ்வரன் சூடம் காட்டிவிட்டுப் பத்து நிமிடத்தில் துளைத்திருக்கிறார். அந்த ஆளின் கையை உடைக்க வேண்டும் என்று தோன்றியது. உடனே, அந்த டிரில்லுக்கு வழி செய்து கொடுத்தவன் யார் என்ற நினைவும் வந்தது.

கல்லைப் பெயர்த்து, மோட்டார் சைக்கிள் கூடையில் வைத்து, வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கணேஸ்வரன் பதினேழு முறை கூப்பிட்டார். எடுக்கவில்லை. மாலையில் வாசலில் வந்து நின்று, கோயில் சொத்தைத் திருடியதாகப் போலீசில் புகார் கொடுப்பேன் என்று சத்தம் போட்டார். "குடுங்க லா. நான்தான் திருடன்னு மைக்லயே சொல்லிட்டேனே" என்றேன். அவர் போய்விட்டார். புகார் கொடுத்தால் கல் எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள் என்பது அவருக்கும் தெரியும்.

இரண்டு நாள் அந்தக் கல்லைக் கழுவினேன். வெந்நீர் ஊற்றினேன், பல் துலக்கும் பிரஷால் கோடு கோடாகத் தேய்த்தேன். பவுடர் போனது. மஞ்சள் பாதி போனது. நெய் போகவில்லை. கல் குடித்துவிட்டிருந்தது. நாலா பக்கமும் படமெடுத்து, புதன்கிழமை மத்தியானம் டேரலுக்கு அனுப்பினேன். நாளைக்கு அனுப்பி வைக்கிறேன், மன்னித்துவிடு என்று எழுதினேன்.

மாலை ஆறரைக்குப் பதில் வந்தது.

"அத்தை பார்த்தாள். எப்படி இருக்கிறதோ அப்படியே அனுப்பச் சொல்கிறாள். புதிதாக இருக்கும் குழிகள் என்ன என்று கேட்கிறாள். உங்கள் மக்கள் செய்யும் பிரார்த்தனையா? பிரார்த்தனை என்றால், அது தவறுதான், ஆனால் அவளால் புரிந்துகொள்ள முடியும் என்கிறாள். நான் மலைக்கு வரலாமா கூடாதா என்பதை அதைக் கேட்ட பிறகு சொல்வாளாம்."

பின்கட்டில், துணி துவைக்கும் இயந்திரத்தின்மேல் கல் காய்ந்துகொண்டிருந்தது. கைபேசியோடு அதன் முன்னால் நின்றேன். ஆமாம், பிரார்த்தனைதான் என்று எழுதினால் டேரலுக்கு வழி திறந்துவிடும். அம்மாவைக் கேட்டால் பிரார்த்தனை என்றுதான் சொல்வார், சத்தியம்கூடச் செய்வார். பூசையும் போட்டுத்தானே துளைத்தார்கள். முழுப் பொய்யும் இல்லை. மறுபடி ஒருமுறை அந்தக் குழிகளைப் பார்த்தேன். முதல் கூட்டத்தில் ஐந்து. அடுத்ததில் இரண்டு. பிறகு ஏழு. கடைசியில் மூன்று.

மணி ஏழேகால் ஆகியிருந்தது. பதில் எழுதத்தான் கைபேசியைத் திறந்தேன். என் கட்டை விரல் நேராகப் போய் அன்றைய குலுக்கல் முடிவுகளைத் திறந்தது. பரிசு விழுந்த இருபத்துமூன்று எண்கள். மேலிருந்து கீழ்வரை பார்த்தேன். விட்டுப்போயிருக்குமோ என்று இன்னொரு முறை பார்த்தேன். ஐந்து, இரண்டு, ஏழு, மூன்று எங்கேயும் இல்லை.

எனக்கு ஏமாற்றமாக இருந்தது. நான் எந்த நம்பரும் எடுக்கவில்லை, ஒரு வெள்ளிக் காசு கட்டவில்லை, ஆனாலும் ஏமாற்றமாக இருந்தது. அந்த ஏமாற்றம் நெஞ்சில் இறங்குவதை நான் நன்றாக உணர்ந்தேன். பேக்ஹோக்காரன்மேல், கணேஸ்வரன்மேல், என்னைப் பெற்ற தாயின்மேல் நான் துப்பியதெல்லாம் திரும்பி வந்து என் மூஞ்சியில் விழுந்தது.

டேரலுக்கு எழுதினேன்: "பிரார்த்தனை இல்லை. அவை எண்கள். சூதாட்டத்துக்கு. என் அம்மா கேட்டார், வேறொருவர் துளைத்தார். அந்த எண் விழுந்ததா என்று இப்போது நானும் பார்த்தேன்."

அனுப்பினேன். அவன் படித்துவிட்டான் என்று இரண்டு கோடுகளும் நீலமாயின. வெகு நேரம் அவன் எழுதுவதும் நிறுத்துவதுமாகத் திரையில் தெரிந்தது. கடைசியில் ஒரே வரி வந்தது.

"சரி. இதை அவளிடம் நான்தான் சொல்ல வேண்டும்."

கல்லைப் பழைய போர்வையில் சுற்றிப் பெட்டியில் வைத்தேன். கையைச் சோப்புப் போட்டு மூன்று முறை கழுவினேன். முகர்ந்து பார்த்தேன். புளித்த பால், சிக்கடித்த நெய், பவுடர். இந்த முறை கல் பெட்டிக்குள் இருந்தது.